டிரைவரின் தேதி – அத்தியாயம் 14

டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய் அன்றோடு பன்னிரண்டு நாள்.

"போறேன்" என்று மட்டும்தான் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு, "அக்கா வீட்டுக்கு" என்றார். ஏன் என்று கேட்டதற்குக் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "உனக்கும் பழகணும்ல" என்றார். இருபத்தாறு வருஷம் கூடவே குடும்பம் நடத்தியவர் சொல்லிவிட்டுப் போனது அவ்வளவுதான்.

அவருடைய தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அவர் மனைவி கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவள். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரம்மா. பன்னிரண்டு நாளாக அவள் ரேடியோவை அணைக்காமலே தூங்கினாள். அறையில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், எதைப் பற்றிப் பேசினாலும் சரி. அன்று காலை அவள் கண் விழித்தபோது ஒருவர் வாழைக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை படுத்தே கேட்டாள். நன்றி, வணக்கம் என்று அவர் விடைபெற்றார். வாழைக்காரர் போனதற்கெல்லாம் அழுகை வருகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

கூடத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பல் டாக்டராகி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நாலு பேர் பல்லைப் பிடுங்குகிறவள். இருபத்து நாலு வயதாகியும் அந்தப் பெயர் மட்டும் உதிரவில்லை.

"அத்தைக்குப் போன் பண்ணேன்" என்றாள் வாலு.

"என்ன பண்றாராம்?"

"மாடியில உக்காந்திருக்காராம். சாப்பிடக் கூப்பிட்டா வர்றாராம். வாயைத் திறந்து பேச மாட்டேங்கிறாராம்."

"சாப்பிடறார்ல? போதும்."

"அம்மா, நீ ஒரு நடை போய்க் கூப்பிடும்மா."

"நானா போகச் சொன்னேன்? போனவருக்கு வரத் தெரியும்."

வாலு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எனக்கு நாள் லீவு எத்தனைன்னு தெரியுமா? இருபது. அப்பாவுக்கு ஒரு தடவை, அம்மாவுக்கு ஒரு தடவை. வாழ்க்கையிலேயே அவ்வளவுதான் குடுப்பாங்க. கடைசி இருபது நாள் கூட இருக்கட்டும்னு குடுக்கறது. அதுல நேத்து ஒரு நாள் செவுத்தைப் பார்த்தே போச்சு. இன்னைக்கும் அதேதான்."

"நான் என்னடி பண்ணட்டும்?"

"ரோஷத்தை விடு. உனக்கென்ன, இன்னும் நாப்பத்து மூணு வருஷம் இருக்கு, நிதானமா ரோஷம் பார்க்கலாம். எனக்கு அப்பா பத்தொன்பது நாள்தான்."

சொன்ன மறுநொடியே வாலு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். கண்ணாடிக்காரம்மா குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

நாற்பத்து மூன்று வருஷம். அதை எல்லோரும் ஏதோ பரிசு விழுந்த மாதிரிதான் சொல்வார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பரிசோதனை வந்தபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஓர் அட்டை. அட்டையில் ஒரு தேதி. எதனால் என்று அது சொல்லாது. என்றைக்கு என்று மட்டும் சொல்லும். முதல் வருஷம் ஊர் கேலி பேசியது. இரண்டாம் வருஷம் கேலி அடங்கியது. ஒரு தேதிகூடத் தப்பவில்லை.

பிறகு கல்யாணம் பேசுகிறவர்கள் படிப்புக்கு முன்னால் தேதியைக் கேட்டார்கள். வேலைக்கு மனுப் போட்டால் அட்டையின் நகல் கேட்டார்கள். நீளமான தேதி வாய்த்தவர்கள் சிலர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் கடந்தார்கள்; உயிர் போகாவிட்டாலும் கால் போகும் என்பதை ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு தெரிந்துகொண்டார்கள்.

கண்ணாடிக்காரம்மாவுக்குத் தொண்ணூற்று ஒரு வயது என்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கட்டிப்பிடித்து, "குடுத்து வெச்சவ நீ" என்றாள். அதே தபாலில்தான் டிரைவரின் அட்டையும் வந்திருந்தது. அவருக்கு ஐம்பத்து நாலு. அவர் போகும்போது அவளுக்கு நாற்பத்தெட்டு. பிறந்ததிலிருந்து அன்றுவரை வாழ்ந்த வாழ்க்கையைக் கிட்டத்தட்ட இன்னொரு தடவை முழுசாக வாழ வேண்டும், அவர் இல்லாமல். பக்கத்து வீட்டுக்காரி கட்டிப்பிடித்த பிடியை விடுவதற்குள் இது அவள் மனதில் ஓடி முடிந்துவிட்டது.

அந்த வாரத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. டிரைவரோடு ஒரே பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த கண்டக்டருக்கும் அதே தேதி. கேலி அடங்கியதும் டிப்போவே கலங்கிப் போனது. அன்றைக்கு பஸ் கவிழப்போகிறதோ என்ற பயத்தில் இருவரையும் வேறு வேறு வண்டிக்கு மாற்றினார்கள். ஒரே தேதிக்காரர்கள் ஒரே வண்டியில் போகக்கூடாது என்று நாடு முழுக்கச் சட்டமே வந்தது. போன வருஷத்திலிருந்து டிரைவரை ஸ்டியரிங்கைத் தொடவிடாமல், நேரம் குறிக்கிற அறையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்தத் தேதியால் கண்ணாடிக்காரம்மாவுக்கு நல்லதென்று ஒன்று நடந்தது என்றால், அது கண்டக்டரின் மனைவிதான். டிப்போ வாசலில் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். அந்த அம்மாள் இவளைவிட ஆறு வயது பெரியவள். "உனக்கும் அதே தேதியாமே" என்று கேட்டாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பஸ் வருவதும் போவதுமாக முக்கால் மணி நேரம் நின்றார்கள். அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு போன். என்ன சமைத்தாய், முழங்கால் எப்படி, இவ்வளவுதான். மற்றதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருவருக்கும் இருக்கவில்லை.

அன்று மதியம் மட்டும் அந்தப் போன் வரவில்லை.

கடையில் அன்று தையல்காரர் ஒருவர் வந்தார். அவரே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார்.

"ரெண்டு வருஷ கியாரண்டியெல்லாம் எனக்கு எதுக்கும்மா? எட்டு மாசம் தாங்கற மாதிரி ஏதாவது குடுங்க."

"ஊசியில நூல் கோக்கணுமா, வேண்டாமா?"

"அது இல்லாம பிழைப்பு ஏது?"

"அப்ப நல்ல லென்ஸாவே போட்டுக்குங்க. எட்டு மாசம் தடவித் தடவியா தைப்பீங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். போகும்போது, "உங்களுக்கு இன்னும் எத்தனைம்மா?" என்று கேட்டார். நிறைய என்று சொன்னால் முகம் மாறிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். "இருக்குதுங்க" என்றாள்.

நாலு மணிக்கு மேல் கடைவாசலில் நிழல் விழுந்தது. ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும்."

நிமிர்ந்தாள். டிரைவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தாடி இரண்டு நாள் வளர்ந்திருந்தது. எதிரில் இருந்த ஸ்டூலில் வாடிக்கைக்காரர் போலவே உட்கார்ந்தார்.

"வீட்டுக்கு வராம கடைக்கு வந்திருக்கீங்க."

"கடைன்னா நீ துரத்த மாட்டே. நாலு பேர் பார்ப்பாங்க."

"யாரு இருக்கா நாலு பேர்?"

அவர் சுற்றிப் பார்த்தார். கடையில் ஒருவரும் இல்லை. "சரி, துரத்து" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். "உள்ள வாங்க" என்றாள்.

சோதனை அறை என்பது கடையின் பின்னால் இருக்கிற ஒரு பொந்து. கதவைச் சாத்தினால் இருட்டு. எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனை ஃப்ரேமை மூக்கில் மாட்டினாள். விரல் அவர் காதில் பட்டது. பன்னிரண்டு நாளைக்குப் பிறகு பட்டது. இருவரும் அதைக் கவனிக்காதவர்கள் போல இருந்துகொண்டார்கள்.

"இடது கண்ணை மூடியிருக்கேன். மூணாவது வரி படிங்க."

"ப... ம... அடுத்தது ட. கடைசியில இருக்கறது ழவா மூவா?"

"நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டுமா தெரியுது."

லென்ஸை மாற்றினாள். "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?"

"இது."

"இது?"

"முன்னாடி போட்டது." அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது என் ரத்தம் இல்ல."

"என்னது?"

"தேதி. அட்டையில இருக்கற தேதி. அது என் ரத்தத்துல வந்தது இல்ல."

அவள் கையில் லென்ஸ் இருந்தது. துணியை எடுத்து அதைத் துடைத்தாள். முன்பே துடைத்ததுதான்.

"டிப்போவுல கேம்ப் போட்டப்ப எனக்கு ஊசின்னா மயக்கம் வரும், உனக்குத்தான் தெரியுமே. வரிசையில நிக்கும்போதே கை நடுங்குச்சு. என் கண்டக்டர் பார்த்துட்டுச் சிரிச்சான். பேட்ஜைக் குடுடான்னான். முதல்ல அவன் பேருல ஒரு விரல் குத்தினாங்க. அப்புறம் என் பேட்ஜைக் குத்திக்கிட்டு, தொப்பியை மாட்டிக்கிட்டு, மறுபடியும் வரிசையில போய் நின்னு இன்னொரு விரலை நீட்டினான். அவ்வளவு கூட்டத்துல யாரு பார்த்தா? அன்னைக்கு அது ஒரு கூத்து. ஏதோ ஜோசியக்காரன் கிளி மாதிரி சீட்டு வரும்னுதான் நெனச்சோம்."

"ரெண்டும் கண்டக்டர் ரத்தமா?"

"ரெண்டும் அவன்துதான்."

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. பலகையின் வெளிச்சம் சோதனை ஃப்ரேமின் வளையங்களில் மட்டும் பட்டது.

"அப்ப உங்களுக்கு எப்போ?"

"தெரியாது. நாளைக்கே இருக்கலாம். உன்னை மாதிரி தொண்ணூறும் இருக்கலாம்."

அவள் வலது கண்ணை மூடினாள். "மூணாவது வரி" என்றாள். அவருக்குத் திகைப்பாக இருந்தது. ஆனாலும் படித்தார். ப, ம, ட, ழ. இந்தத் தடவை சரியாகவே படித்தார். அவள் சீட்டில் எண்ணைக் குறித்தாள்.

"ஏன் சொல்லல?"

"முதல்ல வேலை போயிடும்னு பயம். கள்ள ரத்தம் குடுத்தா டிஸ்மிஸ்னு போட்டுட்டாங்க. அவனுக்கும் போகும், எனக்கும் போகும்."

"அது முதல் வருஷம். அப்புறம்?"

அவர் மூக்கில் நழுவிய ஃப்ரேமை மேலே தள்ளிக்கொண்டார்.

"அப்புறம் எல்லாரும் என்கிட்ட நல்லா நடந்துக்கிட்டாங்க. சாகப்போறவன்னு. டிப்போவுல கஷ்டமான ரூட் குடுக்க மாட்டாங்க. அக்கா என்னைத் திட்டறதையே விட்டுட்டா. நீயும்தான். அதுக்கு முன்னாடியெல்லாம் நீ என்கிட்ட அவ்வளவு அன்பா பேசினதில்ல."

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். வெளிச்சத்தில் அவர் கண் கூச உட்கார்ந்திருந்தார். மூக்கில் இன்னும் அந்த ஃப்ரேம் இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்தக் கோலத்தைப் பார்த்து அவள் சிரித்திருப்பாள்.

"அன்பா பேசினேனா? உங்ககிட்ட சண்டை போடணும்னு எனக்கு எத்தனை தடவை தோணியிருக்கு தெரியுமா? ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டப்ப, வாலுவைக் கேக்காம அந்தக் காலேஜுல சீட்டு வாங்கினப்ப, எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீங்க மேட்ச் பார்க்கப் போனப்ப. வாய் வரைக்கும் வரும். போகப்போற மனுஷன்கிட்ட என்ன சண்டைன்னு முழுங்கிடுவேன். பதினோரு வருஷமா முழுங்கியிருக்கேன். புருஷன்கூட வாழ்ந்த மாதிரியா இருந்துச்சு? ஆஸ்பத்திரியில நோயாளியைப் பார்க்கப்போன மாதிரி இருந்துச்சு."

"தப்புதான்."

"இன்னொரு புள்ளை வேணும்னு எனக்கு இருந்துச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முப்பத்தேழு வயசு எனக்கு. இதே அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு, அப்பா இல்லாம வளரணுமே, வேண்டாம்னு நான் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"'உன் இஷ்டம்'னு சொன்னேன்."

"ஆமா. அப்படித்தான் சொன்னீங்க."

வெளியே யாரோ கடைவாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று நினைத்துப் போனார்கள். அவள் அவர் மூக்கிலிருந்து ஃப்ரேமைக் கழற்றினாள். அழுத்திய இடத்தில் இரண்டு சிவந்த தடங்கள் இருந்தன.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க? பத்தொன்பது நாள் கழிஞ்சா தானா தெரிஞ்சிருக்குமே. காலையில எழுந்து காபி கேட்டிருப்பீங்க."

"நீ தூக்கத்துல என் கையைப் புடிச்சுக்கறே. கொஞ்ச நாளாதான். புடிச்சா விட மாட்டேங்கறே. கழட்டிப் பார்த்தா விரலெல்லாம் மரத்துப் போய்க் கிடக்குது. அதுக்கு மேல என்னால பக்கத்துல படுக்க முடியல. அதான் கிளம்பிட்டேன். பழகணும்னு சொன்னதெல்லாம் சும்மா."

அவளுக்கு இது தெரியாது. தூக்கத்தில் தன் கை என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"கண்டக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள்.

"அவன் ஆரம்பத்துலயே சொல்லிட்டான். 'இருக்கட்டும்டா, சொல்லாதே. தனியாப் போறான்னு இல்லாம கூட ஒருத்தன் வர்றான்னு ஊர் நெனைக்கட்டும். என் பொண்டாட்டிக்கும் உன் பொண்டாட்டி துணையா இருக்கா'ன்னான். நேத்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். ரெண்டு பேரும் மாடியில சும்மா உக்காந்திருந்தோம். போகும்போது, 'நான் போனதுக்கப்புறம் நீ நல்லபடியா இருடா'ன்னு சொன்னான்."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா? கண்டக்டர் வீட்டம்மாவுக்கு?"

"தெரியாது. உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

உனக்கு மட்டும்தான். அதை அவர் ஒரு மரியாதை மாதிரி சொன்னார். தலையில் மூட்டையை ஏற்றிவைத்தது போலத்தான் அவளுக்கு இருந்தது.

டிரைவர் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் தேதி மையத்துல டோக்கன் போட்டிருக்கேன். என் சொந்த ரத்தத்தைக் குடுக்கப்போறேன். இப்பல்லாம் அரை மணி நேரத்துல சொல்லிடறாங்க. வேலை போனா போகுது, கேஸ் போட்டா போடட்டும். ஆனா ஊசி குத்தும்போது எனக்கு..." அவர் நிறுத்தினார். "நீ கூட வந்தா நல்லாயிருக்கும்."

அவள் சீட்டை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"தூரத்துக்கு முக்கால், படிக்க ரெண்டு. கண்ணாடி வியாழக்கிழமை ரெடியாயிடும்" என்றாள்.

யாரிடமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். ரோட்டைக் கடக்கும் முன் வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, மறுபடி வலது பக்கம் பார்த்தார். தேதி தெரியாதவர்கள் அப்படித்தான் கடப்பார்கள். இத்தனை வருஷமும் அவர் அப்படித்தான் கடந்துகொண்டிருந்தார். பழைய டிரைவர், அதனால்தான் இவ்வளவு ஜாக்கிரதை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடையை ஆறு மணிக்குத்தான் மூடுவாள். அதுவரை சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தாள். வர வேண்டிய சந்தோஷம்தானே? பத்தொன்பது நாளில் புருஷன் சாகப்போவதில்லை. குறைந்தபட்சம் அப்படி எழுதியிருக்கவில்லை. எந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு செய்தி கிடைக்கும்? ஓடிப்போய்த் தெருவில் நின்று கத்த வேண்டாமா?

ஆனால் மனதில் ஒன்றும் அசையவில்லை. பதினோரு வருஷமாக அவள் அவரை வழியனுப்பிக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வருவதைப் பார்த்து, சிரிப்பதைப் பார்த்து, பழைய பனியனைத் தேடுவதைப் பார்த்து, ஒவ்வொன்றாக வழியனுப்பினாள். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுது முடித்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, போகவில்லை என்று வந்து நிற்கிறவரை எந்த இடத்தில் உட்காரவைப்பது?

அந்த அழுகை எதிலும் அவர் கூட இருக்கவில்லை. இப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இருவரும் சேர்ந்து சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்ததை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். மறுமுனையில் ஆளே இல்லை.

ஆறேகாலுக்கு வீட்டுக்கு வந்தாள். வாலு மாவு அப்பியதுபோல் முகமெல்லாம் பவுடர் பூசி, தலை வாரி, துணி மாற்றியிருந்தாள். காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிற முறை அது. வாயால் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

"சர்க்கரை சரியா இருக்கா?"

"இருக்கு."

"அம்மா, காலையில நான்..."

போன் அடித்தது. கண்டக்டரின் மனைவி.

"என்னக்கா, மதியம் போனையே காணோம்?"

"அவர் கூடவே இருந்தாரு. அவரை வெச்சுக்கிட்டுப் பேச முடியல. இப்பதான் குளிக்கப் போயிருக்காரு." அக்காவின் குரல் தாழ்ந்தது. "தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிடு."

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்கு... ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வெச்சுக்கலாமா? எங்க வீட்டுலயோ, உன் வீட்டுலயோ. எனக்குத் தனியா பயமா இருக்கும்மா. எப்படி வரப்போகுதுன்னு தெரியாம காலையிலேர்ந்து உக்காந்து அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருக்கணுமே, அதை நெனச்சாலே தாங்கல. நீ பக்கத்துல இருந்தா தாங்கிக்குவேன். உனக்கும் நான் இருப்பேன்ல?"

கண்ணாடிக்காரம்மா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"பதினோரு வருஷத்துல எங்க வீட்டு ஆளுங்ககூட இதை யாரும் புரிஞ்சுக்கல. 'இன்னும் நாள் இருக்கே'ன்னுதான் சொல்வாங்க. நீ ஒருத்திதான் ஒண்ணும் சொல்ல மாட்டே. உனக்கும் அதே தேதி, அதனால. நீ இல்லேன்னா எனக்குப் புத்தி பேதலிச்சிருக்கும். கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"என்ன சொல்றே?"

இப்போது சொல்லிவிடலாம். அக்கா, உங்களுக்குத்தான் அந்தத் தேதி, எனக்கு இல்லை. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அந்த அம்மாளுக்கு இருக்கிற ஒரே துணையும் இந்த நிமிஷமே போய்விடும். இவளுக்கும்தான். இனி மதியத்தில் யார் போன் செய்வார்கள்?

"நம்ம வீட்டுலயே வெச்சுக்கலாம்க்கா" என்றாள். "காத்தோட்டமா இருக்கும். நீங்க முந்தின நாளே வந்துடுங்க."

மறுமுனையில் அக்கா விசும்புகிற சத்தம் கேட்டது. "நல்லா இருப்பே நீ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கண்ணாடிக்காரம்மா கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. யோசித்துக்கூட முடிக்கவில்லை. எதிரில் இருக்கிறவர் அன்பாகப் பேசினார், அது கலைந்துவிடக் கூடாதென்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. டிரைவருக்கும் முதல் நாள் இப்படித்தான் வந்திருக்கும். அவரைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை; இருந்தாலும் புரிந்தது.

"யாரும்மா, பெரியம்மாவா?" என்று கேட்டாள் வாலு.

"ம்."

"அம்மா, காலையிலயே சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள சண்டை வந்துடுச்சு. நாளைக்கு அப்பாகூட நானும் போறேன்." வாலு டீக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே பேசினாள். "அத்தைதான் சொன்னாங்க. சட்டைப் பையில டோக்கன் இருந்துச்சாம். தேதி மையம், காலையில பத்து மணின்னு போட்டிருக்காம்."

கண்ணாடிக்காரம்மா திரும்பினாள். மகளின் முகத்தில் பவுடர் அங்கங்கே திட்டுத்திட்டாக நின்றது. அதற்கு மேலே, அப்பாவின் அதே கண்கள்.

"தேதி தெரிஞ்சவங்க யாரும்மா அங்க போவாங்க?" என்றாள் வாலு. "பத்தொன்பது நாள் இருக்கறவருக்கு எதுக்கும்மா டோக்கன்?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அட்டை தொலைந்துவிட்டது, புது அட்டை வாங்கப் போகிறார் என்று சொன்னால் வாலு நம்பக்கூடச் செய்வாள். அந்த வார்த்தை தயாராகவே இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இன்னொன்றுக்கு அவளிடம் தெம்பு இல்லை.

தெருக்கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தாள். ரேடியோவை அணைத்தாள்.

"உக்காரு" என்றாள்.